மேஜை மேலே கிளட்ச்... வண்டிக்கு அடியில் நாம் எப்போது?



ஆண்டு மலர் என்றால் முதல் பக்கத்தில் காதல் கவிதை, நடுப்பக்கத்தில் ஜோக்ஸ், கடைசியில் கண்ணீரோடு ஒரு பிரிவுரை... இதுதானே வழக்கம். இடையில் ஒருத்தன் கிரீஸ் வாடையோடு வந்து நிற்கிறானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கவிதை அடுத்த பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள் போதும்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ மூன்றாம் வருஷம் முடிக்கப் போகிறேன். கிளட்ச் பற்றிப் பெரிய கேள்வி வந்தால் படத்தோடு இரண்டரைப் பக்கம் எழுதுவேன். லேபிலும் கிளட்ச் எனக்கு அத்துப்படி. நம் லேபில் கிளட்ச் எங்கே இருக்கிறது? மேஜை மேல்! ஃபிளைவீல் ஒரு பக்கம், கிளட்ச் பிளேட் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் ஒரு பக்கம், ஓரத்தில் ரிலீஸ் பேரிங். பல வருஷமாக ஒவ்வொரு பேட்சும் கழற்றிக் கழற்றி மாட்டியதில் போல்ட்டெல்லாம் கையாலேயே சுற்றினால் வந்துவிடும். ஆறு போல்ட்டைக் கழற்றினோம், பாகங்களின் பெயரைச் சொன்னோம், திரும்ப மாட்டினோம். ரெகார்டில் கையெழுத்து. முடிந்தது கிளட்ச் படிப்பு!

அந்தக் கிளட்ச்சை வண்டியிலிருந்து மேஜைக்குக் கொண்டு வந்தது யார்? எப்படிக் கொண்டு வந்தார்? இதை நாம் யாருமே கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, போன லீவில் ஒரு பட்டறையில் டிரெயினிங்குக்குப் போகிற வரைக்கும்.

அங்கே ஒரு நாள் காலையில் மாருதி 800 ஒன்று வந்தது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. கம்பெனி நிறுத்திவிட்டாலும் ரோடு நிறுத்தவில்லை. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிற ஒருவருடைய வண்டி அது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு வாளி வாளியாக மாவு ஏற்றுவார். "பெடலை மிதிச்சா கொர்ர்ருன்னு சத்தம் வருதுப்பா. நாளைக்குக் காலைல நாலு மணிக்கு வண்டி வேணும், லைன் போகணும்" என்றார்.

பட்டறை அண்ணன் என்னைப் பார்த்தார். "டிப்ளமோ தம்பி, என்ன கம்ப்ளெய்ண்ட்னு நீயே சொல்லு."

புத்தகத்தில் படித்தது கை கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டேன். பெடல் மேலே இருக்கும்போது சத்தம் இல்லை. மிதித்ததும் சத்தம். ரிலீஸ் பேரிங்தான்! ஏனென்றால் அந்தப் பேரிங்கின் வேலையே மிதிக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. கேபிள் இழுக்கிற ஃபோர்க் சுற்றாது. பிரஷர் பிளேட்டோ இன்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றாத ஒன்று சுற்றுகிற ஒன்றைத் தள்ள வேண்டுமென்றால் நடுவே ஒரு பேரிங் வேண்டாமா? அதுதான் இது. இதுவே தலைகீழாக, பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் சந்தேகப்பட வேண்டும். கிளட்ச் பிரிந்ததும் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுகிறது, சத்தமும் நிற்கிறது. (இப்போது வருகிற பல வண்டிகளில் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டின் விரல்களை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். அங்கே இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.)

அண்ணன் தலையாட்டினார். "சரி, இறக்கு" என்றார்.

எதை இறக்குவது? எனக்குக் கை கால் ஓடவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பேரிங். விலை சில நூறு ரூபாய். அதை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மொத்தக் கியர்பாக்ஸும் கீழே வர வேண்டும். பட்டறையில் என் வயசில் ஒரு பையன் இருந்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். முதல் நாளிலிருந்து என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அந்த 'சார்' அவனுக்குப் பின்னால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினான். அதற்குப் பிறகே செல்ஃப் மோட்டாரில் கை வைத்தான். கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், கியர் ராடு... எது எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும், நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் நான் அடியில் நுழையப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஸ்டாண்டு வைக்காம போவாதீங்க சார்!" ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. இதை என் ரெகார்டில் நானே எழுதியிருக்கிறேன். எழுதியவன் நுழையப் போனான், எழுதாதவன் இழுத்தான்!

பிறகு கியர் ஆயிலை வடித்தான். வடிக்காமல் ஆக்சிலை உருவினால் ஆயில் முழுக்க நம் தலையில்தான். பால் ஜாயின்ட்டை விடுவித்து இரண்டு ஆக்சிலையும் உருவியாயிற்று. அடுத்ததாக இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கி கொடுத்தான், கியர்பாக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால். பெல் ஹவுசிங் போல்ட்டுகளில் மேலே இருக்கிற ஒன்று கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மட்டும் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கியர்பாக்ஸை நேராகப் பக்கவாட்டில் இழுத்து, இன்புட் ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்த பிறகுதான் கீழே இறக்க வேண்டும். பாதியில் தொங்கவிட்டால் மொத்தக் கனமும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் விழும், பிளேட் வளைந்துபோகும். அந்தக் கனத்தை அவன் மல்லாந்து படுத்து நெஞ்சில் வாங்கி இறக்கினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது தவறான முறை. கியர்பாக்ஸ் ஜாக்கி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டறையில் அது இல்லை.

பேரிங் வெளியே வந்தது. விரலால் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. கிளட்ச் பிளேட்டை அண்ணன் அளந்து பார்த்தார். ரிவெட் தலைகள் இன்னும் நன்றாகப் பள்ளத்தில் இருந்தன. "இது ஓடும், இதை மாத்தி ஏன் அவர் காசைக் கரைக்கணும்" என்று பேரிங் மட்டும் வாங்கிவரச் சொன்னார். கியர்பாக்ஸை இறக்கினாலே மூன்றையும் செட்டாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களும் உண்டு. தேய்ந்திருந்தால் மாற்றுவது நியாயம்தான், மறுபடி இறக்கும் கூலி மிச்சம். பார்க்காமலே மாற்றுவது என்ன நியாயம்?

இப்போது என் பெருமையைக் கேளுங்கள்!

சாயங்காலம். புதுப் பேரிங் வந்துவிட்டது. பையன் டீ வாங்கப் போயிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். லேப் மேனுவல் ஞாபகம் வந்து தொலைத்தது. 'பாகங்கள் அனைத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் பொருத்தவும்.' மனப்பாடம்! அதை எழுதித்தான் முழு மார்க் வாங்கினேன். பட்டறையில் மண்ணெண்ணெய்க்குப் பதில் டீசல் டிரே. போட்டேன் புதுப் பேரிங்கை உள்ளே. ஊற வைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று எடுத்து வைத்தேன்.

அண்ணன் வந்து பேரிங்கைக் கையில் எடுத்தார். ஒரு சுற்று சுற்றினார். மூக்கருகில் கொண்டு போனார். "புதுப் பேரிங் இப்படி லொடலொடன்னு சுத்தாதே... என்ன தம்பி பண்ணினே?"

சொன்னேன்.

ரிலீஸ் பேரிங் உள்ளே கிரீஸ் அடைத்து மூடியே வருகிறது. அதன் ஆயுளுக்கும் அந்தக் கிரீஸ்தான். அதற்குப் பிறகு கிரீஸ் போட வழியே கிடையாது. அதை டீசலில் ஊற வைத்தால் கிரீஸ் கரைந்து போகும். மாட்டினால் கொஞ்ச நாளில் மறுபடி கொர்ர்ர். மறுபடி கியர்பாக்ஸ் கீழே. பழைய அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் பந்து பேரிங்குக்குப் பதிலாக வெறும் கார்பன் வளையம் இருந்தது. அதற்கும் டீசல் குளியல் ஆகாது. மேஜை மேல் இருக்கும் நம் லேப் பேரிங்கை மட்டும்தான் எத்தனை தடவை வேண்டுமானாலும் குளிப்பாட்டலாம், அது எந்த வண்டியிலும் ஓடப் போவதில்லையே!

மணி எட்டரை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடியாகிவிட்டது. காலை நாலு மணிக்கு மாவுக்காரர் வந்தார். வண்டி ஸ்டாண்டின் மேல் நின்றது. அரைத்து வைத்த மாவு புளித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அண்ணன்தான், "என் தப்பு, நாந்தான் பாத்திருக்கணும்" என்றார். இரண்டாவது பேரிங்குக்கும் அவரே காசு கொடுத்தார். நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. அந்தப் பையன் அன்றிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட ஆரம்பித்தான். அது ஒன்றுதான் லாபம்.

நண்பர்களே, அந்த மேனுவலை எழுதியவரைக் குறை சொல்லி என்ன பயன்? கியருக்கும் ஷாஃப்டுக்கும் அந்த வரி சரிதான். எங்கே சரி, எங்கே தப்பு என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு முறையாவது ஓடுகிற வண்டியில் செய்து பார்த்திருக்க வேண்டும். நம் ஷெட்டில் ஒரு மாருதி 800 முழுசாக நிற்கிறது, அன்பளிப்பாக வந்தது. வந்த நாளிலிருந்து பூட்டு. என் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு பேட்சும் அந்த வண்டியின் கியர்பாக்ஸை ஒரு முறை இறக்கி, பேரிங்கை எடுத்துப் பார்த்து, திரும்ப ஏற்றி, பெடலின் ஃப்ரீ பிளே சரி செய்து, வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகே ரெகார்டில் கையெழுத்து.

"அது ஐடிஐ பசங்க வேலை, நாம சூப்பர்வைசர்" என்கிறார்கள் சிலர். சூப்பர்வைஸ் பண்ணப் போன லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே! "எலெக்ட்ரிக் வண்டி வந்தாச்சு, இனிமே கிளட்ச் எதுக்கு?" என்கிறார்கள். ரோட்டில் ஓடுகிற பழைய வண்டிகள் எல்லாம் நாளைக்கே காயலான் கடைக்குப் போகப் போகிறதா? 2014-இல் செலேரியோவில் ஏஎம்டி வந்தது, பெடல் காணாமல் போனது, உள்ளே கிளட்ச்சும் ரிலீஸ் பேரிங்கும் அப்படியேதான் இருக்கின்றன. மிதிக்கிற வேலையை மனுஷனுக்குப் பதில் மெஷின் செய்கிறது, அவ்வளவுதான்.

பாதுகாப்பு என்று சார்கள் சொல்வது மட்டும் நியாயமான பேச்சு. அதனால்தான் லேபில் செய்யச் சொல்கிறேன். நாலு ஸ்டாண்டு, ஒரு கியர்பாக்ஸ் ஜாக்கி, பக்கத்தில் ஒரு ஆசிரியர். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லித் தர ஒருவர் (பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கும்). பட்டறையில் இதெல்லாம் கிடைக்காது, அங்கே நெஞ்சுதான் ஜாக்கி. இன்னொன்று. எங்கள் வகுப்பில் மைக்ரோமீட்டரை என்னைவிடத் துல்லியமாகப் படிக்கிற தோழிகள் இருக்கிறார்கள். கழற்றுகிற நேரம் வந்தால் மட்டும் "நீங்க ரீடிங் எழுதுங்கம்மா" என்று ஓரமாக நிறுத்திவிடுகிறோம். அவர்களும் வண்டிக்கு அடியில் வரட்டும்.

செயலாளரிடம் பேசிவிட்டேன். யூனியன் சார்பில் முதல்வரிடம் மனு கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். கையெழுத்து நோட்டு கேன்டீன் கல்லாவில் இருக்கிறது. இதுவரை முப்பத்தியொரு கையெழுத்து, அதில் நாலு பேர் சிவில் பிரிவு! ஷெட் சாவி ஸ்டோர் அண்ணனிடம் இருக்கிறது. பேட்டரி இறங்கிப் போயிருக்கும், டயரில் காற்று இருக்காது. முதல் நாள் அந்த வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவர எட்டுப் பேராவது வேண்டும்.