கத்தரிக்கோல் யார் கையில்?

வீரபாண்டித் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டு என் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அனுமந்தன்பட்டி பஸ் ஸ்டாப்பில் அவளை அழைத்துவர நான்தான் போயிருந்தேன். கம்பம் பஸ்ஸிலிருந்து இறங்கியவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கிய சடையைக் காணோம். முடி காதோடு நின்றிருந்தது. ‘வா தாயி’ என்று சொல்லவேண்டிய என் வாய், “யாரு செத்தாங்கன்னு இப்படி வந்து நிக்கிற?” என்று கேட்டுவிட்டது.

அவள் பதில் பேசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

அவளுக்கு நிச்சயம் செய்த சம்பந்தம் முறிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் தினமும் போனில் பேசிய பையன், ஒரு நாள் சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டான். தட்டைத் திருப்பிக் கொடுத்ததோடு பெரியவர்கள் எங்கள் வேலை முடிந்தது. அவளுக்கு அது முடியவில்லை என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று இரவு அவள் தன் பாட்டியிடம் சொன்னதைத் திண்ணையில் இருந்தபடி கேட்டேன். “பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு அந்தம்மா என் சடையை உருவிப் பார்த்துச்சுல்ல பாட்டி, சவுரியா, சொந்த முடியான்னு. ஒவ்வொரு நாளும் தலை சீவும்போது அந்தக் கைதான் ஞாபகம் வந்துச்சு. இந்த முடியே வேண்டாம்னு போச்சு.”

அந்த அம்மாள் சடையை உருவிப் பார்த்தபோது நானும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டு இருந்தேன்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று பிறகு யோசித்தேன். சிறு வயதில் நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். அடுத்த தெருவில் ஒரு பாட்டி இருந்தார். நார்மடிப் புடவை, தலையை மூடிய முக்காடு. மாதம் ஒரு முறை நாவிதர் கொல்லைப்புறமாக வந்து போவார். அன்று அந்த வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விளையாட விடமாட்டார்கள். பதினான்கு வயதில் கணவனை இழந்தவராம். அவரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். இந்தக் கொடுமைகளையெல்லாம் எதிர்த்து அ. மாதவையா 1903இலேயே ‘முத்துமீனாட்சி’ நாவலை வெளியிட்டிருந்தார். அதற்கு ஐம்பது வருடம் கழித்தும் அந்தப் பாட்டியின் தலையில் கத்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முடியில்லாத பெண் என்றாலே சாவு என்று என் மனதில் பதிந்தது அங்கேதான்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. காதல் தோற்றால் நாம் வெட்டுவதில்லை, வளர்ப்போம். 1953இல் ‘தேவதாஸ்’ படத்தில் நாகேஸ்வர ராவைப் பார்த்துவிட்டு, தோற்றவனும் தோற்காதவனும் தாடி வைத்துக்கொண்டு திரிந்ததாக மாமா சொல்லுவார். தாடியோடு வருகிறவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்லுவோம். ‘யாரு செத்தாங்க’ என்று அவனிடம் கேட்டதுண்டா?

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. கூடலூருக்கு மேலே மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் மக்களை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போவோம், கால் பலம் உள்ளவர்கள் பளியன்குடி வழியாக ஏறுவார்கள். விரித்த கூந்தலோடு பாண்டியன் சபையில் நின்று நீதி கேட்ட கண்ணகி, மதுரை எரிந்த பிறகு வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்த மலை நம் மலைதான் என்பது இந்த வட்டாரத்தின் நம்பிக்கை. வேங்கை மரத்தடியில் நின்று பதினான்காம் நாள் கணவனோடு வானுலகம் போனாள்.

அதே கோவலனால் மனம் உடைந்த இன்னொருத்தியை நாம் மறந்துவிட்டோம். கானல்வரிப் பாட்டில் ஏற்பட்ட பிணக்கில் கோவலன் எழுந்து போய்விட்டான். மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி அனுப்பினாள், அவன் வாங்க மறுத்தான். பிறகு அவன் ஊரை விட்டே போன சேதி கேட்டு இன்னொன்று எழுதினாள். அதைப் படித்துத்தான் அவள்மேல் தவறில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அப்புறம் அவன் மதுரையில் கொலையுண்ட சேதி வருகிறது. மாதவி என்ன செய்தாள்? சூடியிருந்த மாலையோடு சேர்த்துக் கூந்தலையும் களைந்துவிட்டுப் பௌத்த அறத்தில் சேர்ந்தாள். மகள் மணிமேகலை கணிகையர் கோலம் பூணக்கூடாது என்று தாயிடம் தீர்மானமாகச் சொன்னாள். ‘மணிமேகலை’ காப்பியத்தில் தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே சொல்லுகிறாள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். கண்ணகி போய்ச் சேர்ந்தாள், தெய்வமானாள். மாதவி உயிரோடு இருந்து, தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வழக்கத்தைத் தன் மகளோடு நிறுத்தினாள். கண்ணகிக்கு நாம் ஜீப் ஏறிப் போகிறோம். மாதவி மாதிரி ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கினால் வாயில் வந்ததைக் கேட்கிறோம்.

பிரெஞ்சு தேசத்திலும் இரண்டையும் பார்க்கலாம். 1922இல் விக்தோர் மார்கெரித் என்பவர் ‘லா கார்சோன்’ என்று ஒரு நாவல் வெளியிட்டார். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் துரோகம் தெரிந்து, அவனை உதறிவிட்டுத் தன் இஷ்டப்படி வாழப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை. பெண்கள் குட்டையாக முடி வெட்டிக்கொள்ளும் நாகரிகத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கதை எழுதிய குற்றத்துக்கு அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த லெழியோன் தொனேர் விருதைப் பறித்துக்கொண்டார்கள். அதே நாட்டில் 1944இல், ஜெர்மன்காரர்களோடு பழகியதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான பெண்களைத் தெருவில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். முடி போனதைப் பார்க்காதீர்கள், கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். அடுத்த தெருப் பாட்டிக்கு நடந்தது தண்டனை. மாதவி செய்தது அவளே எடுத்த முடிவு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தது என் தவறு. பழனியில், வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டு வருகிற பெண்களை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கண்டம் தாண்டியதற்கு அடையாளமாக முடியைக் கொடுப்பது நமக்குப் பழகிய காரியம்தான். சாமிக்குக் கொடுத்தால் வேண்டுதல், தனக்காக வெட்டினால் திமிர் என்பது என்ன நியாயம்?

முடியை வெட்டினால் துக்கமும் விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வருஷம் பிறந்தால் பழைய பதிவேட்டைக் கட்டி வைத்துவிட்டுப் புதுப் பதிவேடு திறப்போம். அதிலும் முதல் வரி ‘முன் இருப்பு’தான். அதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போகமுடியாது. ஆனாலும் புதுத் தாளில் எழுதும்போது கை கொஞ்சம் திருத்தமாக ஓடும், அந்த அளவுக்கு உதவி உண்டு. கோபத்தில் நள்ளிரவில் கத்தரிக்கோலை எடுக்கிற பெண்ணிடம் ‘நாலு நாள் பொறு தாயி’ என்று சொல்லலாம், தப்பில்லை. வெட்டிய பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை. மாதத்துக்கு அரை அங்குலம் அது பாட்டுக்கு வளரும். நாம் கேட்ட கேள்விதான் அப்படியே நிற்கும்.

மறுநாள் காலையில் என் மனைவி வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு பேத்தியைக் கூப்பிட்டாள். “இனிமே அரைக் கரண்டி எண்ணெய் போதும்டி, மிச்சம்தான்” என்று சொல்லிக்கொண்டே தேய்த்துவிட்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் பிள்ளை முதன்முதலாகச் சிரித்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய், “நேத்துக் கேட்டது தப்பு தாயி” என்றேன். “சரி விடுங்க தாத்தா, ராட்டினம் பார்க்கப் போகலாமா?” என்றாள். சாயங்காலம் மூன்று பேரும் வீரபாண்டிக்குப் போனோம். வழியில் தெரிந்தவர் ஒருவர் அவள் தலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “என் பேத்தி” என்று மட்டும் சொன்னேன்.