உயில் எழுதாத தந்தையின் உடைமையும் கடனும்



மழையை நம்பி விதைக்கும் குடும்பத்தில் தந்தை இறந்தால், அவர் விட்டுச் செல்வது நிலமும் வீடும் மட்டுமன்று, கடனையுந்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எம்.ரெட்டியபட்டி போன்ற மானாவாரி ஊர்களில் உயில் எழுதாமலே இறைவனடி சேர்வோர் பலர். முப்பதாம் நாள் பூசை நிறைவேறுமுன் இரு கேள்விகள் எழுகின்றன. நிலம் யாருக்கு? கடனை யார் தீர்ப்பது? முதற் கேள்விக்குப் பலர் குரல் கொடுப்பர். இரண்டாவதற்கு மௌனமே விடையாகும். சட்டமோ இவ்வரிசையை மாற்றி வைத்திருக்கிறது. முதலில் கடன்; பின்னரே பங்கு.

கிறிஸ்தவர்களாகிய நமக்குரியது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி, இறந்தவரின் உடைமையிலிருந்து முதலில் கழிக்க வேண்டியவை, அவர் நிலைக்கேற்ற நியாயமான அடக்கச் செலவும், இறப்புக்கு முந்திய ஒரு மாத மருத்துவச் செலவுமாகும். நிர்வாகச் செலவுக்குப் பின், கடைசி மூன்று மாதங்களில் உழைத்த கூலியாளுக்கும் வேலைக்காரருக்கும் தரவேண்டிய ஊதியம் வருகிறது. ஏனைய கடன்கள் அதற்கும் பின்னரே. உழைத்தவனின் கூலியை நிறுத்தி வைப்பது விண்ணை நோக்கி ஓலமிடும் பாவம் என்று ஞானோபதேசத்தில் கற்றோம். அக்கூலிக்கு நாட்டுச் சட்டமும் முன்னிடம் தருகிறது.

கடனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. தந்தையின் உடைமையில் தம் கைக்கு வந்த அளவிற்கே பிள்ளைகள் பொறுப்பாளிகள். தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டுமாறு சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் நிலம் அடமானத்தில் இருந்தால், அச்சுமை நிலத்தோடே வரும். இன்னோர் எச்சரிக்கை: கடன் கொடுத்தவர் வந்து, பழைய புரோநோட்டுக்குப் பதிலாக மகன் பெயரில் புதிய நோட்டு எழுதிக் கேட்பதுண்டு. எழுதிக் கொடுத்தால் தந்தையின் கடன் மகனின் சொந்தக் கடனாகிவிடும். ஆதலால் துக்க வீட்டில் எதிலும் அவசரமாகக் கையெழுத்திடலாகாது.

கடன் தீர்ந்தபின் பங்கு எவ்வாறு? ஓர் உதாரணம் கொள்வோம். தந்தையின் உடைமை ஒன்பது லட்சம் ரூபாய். கடனும் செலவும் ஒரு லட்சத்து எண்பதாயிரம். எஞ்சியது ஏழு லட்சத்து இருபதாயிரம். இதில் மூன்றில் ஒரு பங்கான 2,40,000 ரூபாய் அவர் மனைவிக்கு. மீதி 4,80,000 ரூபாய் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 1,60,000. பிள்ளைகளுள் ஒருவர் முன்னமே இறந்திருந்து, அவருக்கு இரு குழந்தைகள் இருந்தால், அவர் பங்கு அவ்விருவருக்கும் 80,000 வீதம் சேரும். அச்சிறுவர்களின் பங்கைப் பெரியப்பாவோ சித்தப்பாவோ விட்டுக்கொடுக்க இயலாது.

சமமாக என்றால் மகனுக்கும் மகளுக்கும் சமமாகவே. "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்பர். இதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு இவ்வாதத்தை ஏற்கவில்லை. தந்தை உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை, அவர் இறந்தபின் பங்கில் கழிக்கலாகாது என்பதே அதன் விதி. மகளுக்குப் போட்ட நகைக்கும், மகனின் படிப்புக்குச் செலவிட்ட பணத்திற்கும் இவ்விதி ஒன்றே.

இவ்வுரிமை எல்லாருக்கும் எளிதில் கிட்டிவிடவில்லை. திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் குறைந்ததையே தந்தது. அதனை எதிர்த்துக் கோட்டயத்தைச் சேர்ந்த ஆசிரியை மேரி ராய் உச்ச நீதிமன்றம் சென்றார். அவர் தந்தை 1960-இல் உயிலின்றி இறந்திருந்தார். 1951 முதலே அப்பழைய சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்க. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெறுக. அது வாரிசுகள் யாரெனக் காட்டுமேயன்றிப் பங்கைத் தீர்மானிக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கடன் கணக்கும் கேட்டு வாங்குக. வங்கிப் பணத்திற்கு நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் அதனைப் பெற்றுக்கொள்பவரே. எல்லா வாரிசுகளுக்கும் அதில் உரிமையுண்டு. பாகப்பிரிவினையைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்த பின்னரே பட்டாவைப் பிரிக்க விண்ணப்பியுங்கள்.

சகோதரி மனமுவந்து தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். அது அவள் தருமம். ஆனால் பங்கு எவ்வளவு என்று அறியாதவளிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது தருமமாகாது. அவள் கணக்கைப் பார்க்கட்டும். கணவனோடும் பிள்ளைகளோடும் யோசிக்கட்டும். மோயீசன் காலத்திலேயே ஐந்து சகோதரியர் தந்தையின் நிலத்தைக் கேட்டு எழுந்து நின்றனர்; அவர்கள் கேட்டது நியாயமென்று ஆண்டவரே தீர்ப்பளித்ததை எண்ணாகமத்தில் வாசிக்கிறோம்.

இறந்த தந்தைக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது நம் கடமை. அவர் பட்ட கடனை அவர் உடைமையிலிருந்து நேர்மையாகத் தீர்ப்பதும், அவர் மனைவியையும் மக்களையும் நியாயப்படி நடத்துவதும் அதே கடமையின் மறுபாதியாகும்.