ஏலப்பாறையில் பெருகாத பணம்

ஏலப்பாறையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் 10,000 ரூபாயை வங்கியில் போடுகிறார் என்று வையுங்கள். ரொக்கக் கையிருப்பு விகிதம் 15 சதவீதம் என்றால் 1,500 ரூபாய் ரிசர்வ் வங்கிக்குப் போகும். மீதி 8,500 ஒரு பலசரக்குக் கடைக்காரருக்குக் கடனாகிறது. அவர் கம்பம் மொத்த வியாபாரியிடம் சரக்கெடுக்கிறார். வியாபாரி அதைத் தன் கணக்கில் போடுகிறார். அங்கே மறுபடி 15 சதவீதப் பிடித்தம், மறுபடி கடன். இப்படியே சுற்றினால் 10,000 ரூபாய் சுமார் 66,700 ரூபாய் டெபாசிட்டாகும். நூறைப் பதினைந்தால் வகுத்தால் 6.67. கல்லூரிப் பாடத்தின் பணப் பெருக்கி இதுதான்.

1991 மார்ச்சில் இந்தியாவில் விகிதம் 15 சதவீதம்தான். ஆனால் நிஜப் பெருக்கி 3-ஐ ஒட்டியே இருந்தது. மீதி எங்கே போனது? அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும்! அன்று 100 ரூபாய் டெபாசிட்டுக்கு 25 ரூபாய் மக்கள் கையில் ரொக்கமாக இருந்தது. கைக்குப் போன நோட்டை வங்கி கடனாகத் தர முடியாது. 125-ஐ (டெபாசிட்டும் ரொக்கமும்) 40-ஆல் (ரொக்கம் 25, கையிருப்பு 15) வகுத்துப் பாருங்கள்: சுமார் 3.1. ரிசர்வ் வங்கி விகிதத்தைப் பூஜ்யமாக்கியிருந்தாலும் பெருக்கி 5-ஐத் தாண்டியிருக்காது. சம்பளத்தை நோட்டாக எண்ணித் தந்த தோட்டப் பகுதிகளுக்கும் இந்த ஒழுக்கில் பங்குண்டு.

2016-ல் எல்லாம் தலைகீழானது. நவம்பர் 8 அறிவிப்புக்குப் பின் கூலி கொடுக்க நோட்டில்லாமல் தோட்டங்கள் திணறின; வங்கிகளிலோ பணம் குவிந்தது. பெருகியதா? இல்லை. செப்டம்பர் 16-க்கும் நவம்பர் 11-க்கும் இடையே கூடிய டெபாசிட் முழுவதையும், அதாவது 100 சதவீதத்தையும், கையிருப்பாக வைக்கும்படி நவம்பர் 26 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தத் தொகையைப் பொறுத்தவரை பெருக்கி 1. கூலிக்காரரின் நோட்டும் முடங்கியது, கடைக்காரரின் கடனும் முடங்கியது. இரண்டு வாரத்தில் உத்தரவு விலக்கப்பட்டது, நல்ல வேளை.

2025 செப்டம்பர் முதல் நவம்பர் வரை விகிதம் நான்கு தவணைகளில் 4-லிருந்து 3 சதவீதமாக இறங்கியது. சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுபடும் என்றது ரிசர்வ் வங்கி. பாடப்புத்தகப்படி பெருக்கி 33. இந்தியாவின் நிஜப் பெருக்கி சமீப ஆண்டுகளில் 5, 6 என்ற அளவில்தான். விடுபட்ட பணத்தைக் கடனாகக் கொடுக்க வங்கிக்கும் மனம் வர வேண்டும். மூடிய தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் மனு போட்டால், மேலாளர் முதலில் கேட்பது கையிருப்பு விகிதத்தை அல்ல, ஜாமீனை.