கடையும் சரக்கும் ஒரே கையில் கூடாது

தில்லியில் 2021 நவம்பர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கலால் கொள்கை, மதுச் சில்லரை விற்பனை முழுவதையும் தனியாரிடம் ஒப்படைத்தது. மொத்த விற்பனையாளரின் லாபவிகிதம் 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்த்தப்பட்டது. உற்பத்தி, மொத்த விற்பனை, சில்லரை விற்பனை ஆகியவை ஒரே கையில் சேர்ந்துவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2022 செப்டம்பரில் கடைகள் மீண்டும் அரசு நிறுவனங்களிடம் வந்தன.

மகாராஷ்டிர அமைச்சரவையோ 2022 ஜனவரியில், திராட்சை விவசாயிகளின் பெயரைச் சொல்லி, பேரங்காடிகளில் ஒயின் விற்க முடிவெடுத்தது. பேரங்காடி தன் சொந்த முத்திரையில் ஒயின் விற்கத் தொடங்கினால், அலமாரியும் விலையும் அதன் பிடிக்குள் போகும். சிறு உற்பத்தியாளர் ஒப்பந்தக் கூலியாவார்; அந்தச் சுமை இறுதியில் விவசாயியின் தலையில்தான் விழும்.

விற்பவரின் சொந்த முத்திரைக்குத் தடை, புட்டியில் உண்மையான உற்பத்தியாளரின் பெயர், திராட்சைக்குக் குறைந்தபட்ச விலை ஆகிய மூன்றும் சட்டமாக வேண்டும். அதற்கு முன் அலமாரியைத் திறப்பது, கார்ப்பரேட்டுகளுக்குக் கதவைத் திறப்பதே ஆகும்.