சதுரகிரி ஏறியவருக்கு எவரெஸ்ட் அடிவாரம் சுலபமா?

தீபாவளிச் சரக்கு போய்ச் சேர்ந்ததும் சிவகாசி பட்டாசு ஆலைகளுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு. நேபாளத்தில் மலையேற்ற சீசனும் அக்டோபர், நவம்பர்தான். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கிளம்பும் விருதுநகர் இளைஞரிடம் ‘உடம்பு தாங்குமா?’ என்று கேட்டால், ‘சதுரகிரியே மூணு தடவை ஏறியாச்சுல்ல!’ என்பார்.

அந்தப் பதில்தான் சிக்கல். தாணிப்பாறையிலிருந்து சுந்தர மகாலிங்கம் கோயில்வரை ஏறுபவருக்குக் காலும் நெஞ்சும் திடமாக இருக்கலாம். ஆனால், ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேல். சதுரகிரி அதற்கு வெகு கீழே. கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர்தான். முகாம் இருப்பதோ 5,364 மீட்டரில். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன். ஜிம் உடம்பும் இதற்குக் காப்பு இல்லை. வேகமாக ஏற முடிகிறவர் சீக்கிரம் மாட்டிக்கொள்வதும் உண்டு.

அப்போ எதைப் பார்க்கணும்? முன்பு லடாக் மாதிரி இடத்தில் தலைவலி, வாந்தி வந்ததா என்பதை முதலில். வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அடுத்தது, டூர் அட்டவணை. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டினால் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்கணும். நாம்சே (3,440 மீட்டர்), திங்போச்சே (4,410 மீட்டர்) ஆகிய இடங்களில் ஓய்வு நாள் வைப்பது இதற்காகத்தான். ‘லீவு பத்தாது’ என்று அந்த இரண்டு நாளை வெட்டிய பேக்கேஜ் விலை குறைவாகத்தான் இருக்கும். வாங்காதீர்கள்.

கிளம்பும் முன் வீட்டில் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் பெருமைப்பட ஒன்றுமில்லை. விருதுநகர் இருப்பது சுமார் 100 மீட்டர் உயரத்தில்; ஆரோக்கியமான யாருக்கும் இங்கே அப்படித்தான் காட்டும். அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் நண்பர் சொன்னார் என்று போடுகிற மாத்திரை அல்ல. சல்ஃபா அலர்ஜி, சிறுநீரகம், இதயம், நுரையீரல் தொந்தரவு எதுவானாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

மேலே போனபின் நடை தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறங்க வேண்டும். அப்போது அவரோடு கூட இறங்கப்போவது யார் என்பதைச் சிவகாசியிலேயே பேசி முடித்துவிடலாம்.