அனுபவம் விற்பனைக்கு

அனுப்பம்பட்டு ரயில் நிலையத்துத் தூண்களில் இந்த வாரம் புது நோட்டீஸ். ‘சவுதி, கத்தார், சிங்கப்பூர். வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் உடனடித் தேவை. விசா ரெடி. டெஸ்ட் கிடையாது.’ கீழே ஒரு செல்போன் எண். கம்பெனி பெயர் இல்லை, முகவரி இல்லை, லைசென்ஸ் எண்ணும் இல்லை. கும்மிடிப்பூண்டி வண்டி வழக்கம்போலத் தாமதம் என்பதால் அத்தனையையும் படித்துத் தொலைத்தேன்.

எரிச்சலைக் கிளப்பியது அந்த ‘டெஸ்ட் கிடையாது’ என்ற வரிதான். டெஸ்ட் இல்லாமல் வெல்டரை எவன் எடுப்பான்? குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் பற்றவைக்கச் சொல்வார்கள். பிறகு அந்தப் பற்றை வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். சிங்கப்பூர்க் கட்டட வேலைக்குப் போகிறவர் அந்நாட்டு ஆணையம் ஏற்ற மையத்தில் இங்கேயே தேர்வு எழுதித் தேற வேண்டும்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. தூணில் ஒட்டியவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த ஒருவரைப் பழவேற்காட்டுக் கரையில் பார்த்தேன். ஃபைபர் போட் ரிப்பேர் செய்பவர். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் போட் பெருகியது. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் போட் தரை தட்டுகிறது, அலையில் புரண்டு அடிபடுகிறது. இவருக்கு வேலை ஓய்வதில்லை.

கவிழ்த்துப் போட்ட போட்டின் அடிவயிற்றை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போகிறார். ‘டிக் டிக்’ என்று கெட்டியாகக் கேட்கும் இடத்தைத் தாண்டிவிடுகிறார். ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் சாக்பீஸில் வட்டம் போடுகிறார். உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது, வெளியே விரிசலே தெரியாவிட்டாலும்! அந்த வட்டத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து ரெசின் தடவுகிறார். ரெசினில் கலக்கும் கெட்டிப்படுத்தும் மருந்துக்கு அளவுக் கோப்பை கிடையாது. வெயிலைப் பார்த்துக் கை முடிவு செய்கிறது. சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடினால் டப்பாவிலேயே இறுகிவிடும். ரோலர் வைத்துக் காற்றுக் குமிழை ஒவ்வொன்றாக விரட்டுகிறார். ஒரு குமிழ் தங்கினாலும் அடுத்த ‘டொக்’ அங்கேதான்.

படகு கட்டும் தளம் உள்ள எந்த நாட்டிலும் இந்தக் கைக்கு வேலை உண்டு. ஆனால் இவர் எட்டாம் வகுப்பு. பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று முத்திரை விழும் இனம். பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

“சர்டிபிகேட் கேக்குறாங்க சார். ஒடஞ்ச போட்டு ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க, செஞ்சு காட்டறேன்” என்றார். நோட்டீஸ் ஒட்டிய ஏஜென்டோ சுலபமான வழி சொல்லியிருக்கிறார். எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் ஐந்து வருட வெல்டர் அனுபவச் சான்றிதழ் தயாராம். இவர் வெல்டிங் ராடைத் தொட்டதே இல்லை. இருக்கிற அனுபவத்துக்கு விலை இல்லை, இல்லாத அனுபவத்துக்கு எட்டாயிரம்! அங்கே போனதும் ஒரு இரும்புத் தகட்டை நீட்டுவார்கள். முதல் நாளே சாயம் வெளுத்துவிடும். அப்புறம் ஹெல்பர் வேலை, ஹெல்பர் சம்பளம். ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் வெல்டர் கணக்கில் ஓடும்.

சான்றிதழ் என்றாலே நான் சாமியாடுகிறவன். ஆனால் இந்த முறை எனக்கே ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் திட்டம் வந்தது 2015இல். வகுப்பில் உட்காராமலே கற்றவருக்காக வந்த ஏற்பாடு, கரையில் உட்கார்ந்து கற்றவரைத் தேடி இன்னும் வரவில்லை.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தார் ஒரு நாள் பழவேற்காட்டுக் கரைக்கு வரட்டும். ஃபைபர் போட் ரிப்பேர் செய்பவர், என்ஜின் மெக்கானிக் எல்லோரையும் வேலை செய்யவிட்டுப் பார்த்து, அங்கேயே சான்று எழுதித் தரட்டும். தேர்வுக்கு உடைந்த போட் வேண்டுமென்றால், அந்தக் கரையின் கூனங்குப்பத்திலிருந்து எத்தனை வேண்டுமானாலும் தருவார்கள்.