தவளையின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை

மீனுக்கு இரண்டு, தவளைக்கு மூன்று, நமக்கு நான்கு. விலங்கியல் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதயத்து அறைக் கணக்கைச் சொல்லிவிடுவார்கள். கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: தவளையின் வென்ட்ரிக்கிளில் தடுப்பு இல்லை, நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துவிடும், அதனால் அது முழுமையற்ற இதயம். நானும் அப்படி எழுதி மார்க் வாங்கியவன்தான். இப்போது திருப்பிக் கொடுக்கத் தயார் :-)

இந்தக் கணக்கில் விட்டுப்போனது தோல். தவளைக்கு விலா எலும்புக்கூடும் இல்லை, உதரவிதானமும் இல்லை. தொண்டையை இறக்கிக் காற்றை வாங்கி, ஏற்றி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் அதுவும் நடக்காது. அப்போது ஈரத்தோல் வழியாகத்தான் ஆக்சிஜன்.

தோலில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் எங்கே வருகிறது? உடம்பிலிருந்து திரும்பும் ரத்தத்தோடு சேர்ந்து வலது ஆரிக்கிளுக்கு! 'கெட்ட ரத்தம்' என்று நாம் எழுதிவைத்த பக்கத்துக்கு. இப்போது நடுவில் ஒரு சுவரை எழுப்பிப் பாருங்கள். அந்த ரத்தம் முழுதும் சும்மா கிடக்கும் நுரையீரலைச் சுற்றிவிட்டுத்தான் உடம்புக்குப் போகவேண்டும். சுவர் இல்லாததால், நுரையீரலுக்குப் போகும் குழாயைச் சுருக்கிக்கொண்டு தோலுக்கும் உடம்புக்கும் ரத்தத்தைத் திருப்பிவிட முடிகிறது. மடை அடைத்து மடை திறந்து பாசனம் செய்யும் நம் புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கலந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். வென்ட்ரிக்கிளின் உட்சுவர் பஞ்சு மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிறது, வெளியே போகும் குழாயில் ஒரு சுருள் வால்வு. இரண்டும் சேர்ந்து ரத்தத்தை ஓரளவு பிரித்தே அனுப்புகின்றன. தட்டில் மல்லாக்க வைத்து ஊசி குத்திய தவளையில் இதெல்லாம் எங்கே தெரியும்? அறைகளை எண்ணலாம், அவ்வளவுதான். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. தட்டு போனது, நோட்டில் அந்த வரி மட்டும் போகவில்லை.

நான்கு அறைதான் உச்சம் என்பவர்கள் முதலையைப் பார்க்கட்டும். நான்கு அறையும் உண்டு, நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் போகக் குறுக்கு வழியும் உண்டு. அவ்வளவு தூரம் ஏன்? அம்மா வயிற்றில் இருந்தபோது நம் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலும் ஒரு திறப்பு இருந்தது. மூச்சு இழுக்காத நுரையீரலுக்கு ரத்தம் எதற்கு? அப்போது நாமும் முழுமையற்றவர்களா?

வெறும் சொல் சண்டை என்று நினைக்காதீர்கள். இது கண்மாயை நம்பிய வறண்ட பூமி. ஊருணி வற்றும்போது சில தவளைகள் மண்ணுக்குள் புதைந்து, தோலால் மூச்சுவிட்டு, மூத்திரப்பையில் சேர்த்த தண்ணீரையே திரும்ப எடுத்துக்கொண்டு மழைக்காகக் கிடக்கும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அதற்கும் தோல்தான். அதே தோல் பூச்சிமருந்தையும் உள்ளே விடும். வரத்து வாய்க்காலில் மருந்து டப்பாவைக் கழுவுகிறவர் அதன் மூச்சிலேயே ஊற்றுகிறார். அறைக் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது எப்படித் தெரியும்?

'தவளையின் இதயம் முழுமையற்றது ஏன்?' என்ற கேள்வியைத் தூக்கிவிடுங்கள் ஐயா. 'மூழ்கியிருக்கும் தவளையின் வலது ஆரிக்கிளுக்கு ஆக்சிஜன் எப்படி வந்தது?' என்று கேளுங்கள். பத்து மார்க்குக்கே கேளுங்கள், எழுதுகிறோம்.